பாறசாலைக் கடையில் பழுத்த பைப் புகையிலை

சரக்கு பழசானால் அரிசிக்கடைக்காரன் அழுவான், துணிக்கடைக்காரன் தள்ளுபடி போடுவான், பைப் புகையிலை விற்கிறவன் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு "இது பழுத்த சரக்கு" என்பான்.

எனக்குத் தாடி கிடையாது. மற்றதெல்லாம் நான் செய்ததுதான். பாறசாலையில், மெயின் ரோட்டு ஓரத்தில், தாணு முதலாளியின் புகையிலைக் கடையில் பதினோரு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். பெயர் மனுவேல். வெற்றிலைக்குப் போடுகிற புகையிலைதான் எங்கள் தொழில். பைப் புகையிலை நாங்கள் தேடிப் போனதல்ல, எங்கள் தலையில் வந்து விழுந்தது. நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டமும், கூடாது என்று ஒரு கூட்டமும் ரோட்டில் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இரண்டு கூட்டமும் எங்கள் கடையில்தான் புகையிலை வாங்கியது. வீட்டில் தமிழ், கவுண்டரில் பாதி மலையாளம் என்று நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பிழைத்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பழக்கப்பட்ட சகோதரர்களே, விற்காத சரக்கை முதலாளி ஒரு பார்வை, உங்களை ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வையை அனுபவித்தவர்கள் மேலே படிக்கலாம்.

துரை விட்டுப்போன பெட்டி

ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், சுதந்திரம் வந்த பிறகு தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். முதலாளி போனது ஒரு தேக்கு அலமாரிக்காக. அலமாரியோடு சேர்த்து, திறக்காத மரப்பெட்டி ஒன்றையும் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள். வில்லுவண்டியில் வரும் வழியெல்லாம் அதில் பிஸ்கட் இருக்கும் என்று முதலாளி சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கும் ஆள் அனுப்பி, பிள்ளைகளைக் கடைக்கு வரச் சொல்லிவிட்டார்.

ஆணியைப் பிடுங்கித் திறந்தோம். உள்ளே முப்பத்தாறு தட்டைத் தகரங்கள். சிவப்புச் சீட்டு ஒட்டியவை, கறுப்புச் சீட்டு ஒட்டியவை, நீலச் சீட்டு ஒட்டியவை என்று மூன்று ஜாதி. மூடியின் விளிம்பில் காசை நுழைத்துத் திருகினால் 'புஸ்' என்று காற்று இழுத்துத் திறக்கும். ஒன்றைத் திறந்தேன். அட்டை அட்டையாக அழுத்தி வைத்த புகையிலை. பிஸ்கட்டுக்கு வந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலாளி ஒரு துண்டைக் கிள்ளி வெற்றிலையில் வைத்து மென்றார். அடுத்த நிமிஷம் கிணற்றடிக்குப் போய் ஐந்து முறை வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து ஈர வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எலே மனுவேலே, தின்னவும் கொள்ளாத, வெத்திலையில வைக்கவும் கொள்ளாத இந்தச் சவத்த, அந்தத் துரை எதுக்குலே இப்பிடிக் காத்துப் போவாம அடச்சி வச்சிருந்தான்?"

வெள்ளைப் பொடி

ஊரில் பைப் பிடிக்கிறவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் ஒருவர் நோயாளி. ஆகவே தகரங்கள் தேக்கு அலமாரியில் ஏறிக் குடியிருந்தன. மூன்று வருஷம் போயிற்று. ஒருநாள் முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் இரண்டு சிவப்புச் சீட்டுத் தகரங்களைத் திறந்து பார்த்தேன். புகையிலை கறுத்துப் போயிருந்தது, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி. பூசணம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அப்போது கடைக்குப் பின்னால் முதலாளி போட்டிருந்த பாவக்காய்ப் பந்தலில் பூச்சி. புகையிலையைக் கொதிக்க வைத்து, சோப்பு கரைத்து, கொடிமேல் தெளித்தால் பூச்சி ஒழியும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். இரண்டு தகரத்தையும் அண்டாவில் கொட்டிக் காய்ச்சித் தெளித்தேன். பூச்சி ஒழிந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தகரத்தின் அடியில் ஒரு சிட்டிகை ஒட்டியிருந்தது. அன்று மாலை ஸ்டீபன் சார் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் பைப் பழகியவர். தகரத்தை வாங்கி முகர்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ரோட்டுக்கு இறங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பூசணம் என்றால் பஞ்சு மாதிரி இருக்கும், நாறும். இது ஊசி ஊசியாக மினுங்கியது, சீனி மாதிரி. நல்ல இலை காற்றுப் புகாத தகரத்தில் வருஷக்கணக்காக இருந்தால் அதன் இனிப்பு இப்படித்தான் வெளியே வந்து பூக்குமாம். சீமையில் இந்தப் பூவுக்காகவே தகரத்தை வாங்கிப் பூட்டி வைப்பார்களாம். "மிச்சம் எங்கடே?" என்று ஆசையோடு கேட்டார். நான் பாவக்காய்ப் பந்தலைக் காட்டினேன். சார் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பந்தலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"மக்கா, அந்தப் பூச்சி செத்தாலும் நல்ல சாவு ஆக்கும் செத்திருக்கு."

ஜரிகைக்காரர் வாங்கிய நீலத் தகரம்

பழுத்த சரக்கு என்று தெரிந்ததும் முதலாளிக்கு நடையே மாறிவிட்டது. எனக்கும்தான். யார் வந்தாலும் "வருஷம் ஆக ஆக ருசி" என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். எல்லாத் தகரமும் ஒன்றுபோலப் பழுக்கும் என்று நானே நம்பினேன். அரைகுறையாகத் தெரிந்ததை அடித்துச் சொல்லி மாட்டிக்கொள்ளாத விற்பனைக்காரர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

பாலராமபுரத்தில் கைத்தறிச் சேலைக் கடை வைத்திருந்த வள்ளிநாயகம் வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து பெரிய வீட்டுக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு சேலை எடுக்க வருகிறார்களாம். அவர்கள் முன்னால் பைப் வைத்துக்கொண்டு நின்றால் ஒரு எடுப்பாக இருக்கும் என்று அவருக்கு யோசனை. பைப்பும் வாங்கிவிட்டார். "கடை முழுக்க மணக்கணும்" என்றார். நீலச் சீட்டுத் தகரம் வாசனை கலந்த ஜாதி. மேலே பழப் படம் போட்டிருந்தது. சீட்டு மங்கி, இருப்பதிலேயே பழசாகத் தெரிந்த தகரமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் வந்துவிட்டார். திறந்த தகரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வாசனை என்று ஒன்றும் இல்லை. ரொம்ப நாள் திறக்காத அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த மணம்தான் வந்தது. ஸ்டீபன் சாரிடம் கேட்டதற்கு, "மேலே தெளிச்ச மணம் இருக்க இருக்கப் போவும்டே, இலைக்க சொந்த மணந்தான் இருக்க இருக்க வரும்" என்றார். இதை எட்டு நாளைக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். வள்ளிநாயகத்திடம் மன்னிப்புக் கேட்டு, பதிலுக்குச் சிவப்புத் தகரம் ஒன்று கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, கோபமே இல்லாமல், ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"தம்பி, சேலையில ஜரிகை கறுத்தாலும் பழைய காலத்துச் சரக்குன்னு சொல்லி வித்திரலாம், மணம் போச்சுன்னா என்னத்தச் சொல்லி விக்கது?"

போதகர் வீட்டு முந்திரிக்கொத்து

புகையிலைக் கடையில் வேலை செய்கிறவன் சபையில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. எங்கள் போதகர் மாதம் ஒருமுறையாவது புகையிலைக்கு எதிராகப் பிரசங்கம் செய்வார். அப்போது மொத்தச் சபையும் திரும்பி என் பெஞ்சைப் பார்க்கும். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பேன்.

ஆனால் போதகரம்மாவுக்கு சில்லறையாக விற்றுக் காலியான எங்கள் தகரங்கள்மேல் ஒரு கண். மூடி இறுக்கமாக நிற்கும், எறும்பு ஏறாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான்கு தகரம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். எனக்கும் புண்ணியம் கிடைக்கட்டும் என்று சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுத்தேன். அதில் இரண்டு கறுப்புச் சீட்டு. அந்த ஜாதிப் புகையிலையை விறகுப் புகையில் வாட்டித்தான் தகரத்தில் அடைப்பார்களாம். புதிதாக இருக்கும்போது கொப்பரைத் தேங்காய் வாட்டுகிற புகைக் கொட்டிலில் முகத்தை நுழைத்ததுபோல இருக்கும். வருஷம் போகப் போக இலையில் அந்த நெடி அடங்கிவிடும். அடங்கின நெடி எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. மூடிக்குள் இருந்த அட்டை வளையத்தில் குடியிருந்திருக்கிறது.

போதகரம்மா பயறு வறுத்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி, முந்திரிக்கொத்து செய்து அந்தத் தகரங்களில் அடைத்து வைத்தார்கள். பண்டிகையன்று சபையின் மேலிடத்துப் பெரியவர்கள் இருவர் விருந்தாளிகளாக வந்திருக்கிறார்கள். தட்டில் வைத்த முந்திரிக்கொத்தை ஒருவர் கடித்தார், நிறுத்தினார், போதகரை நிமிர்ந்து பார்த்தார். இன்னொருவர் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது போதகர் என் கையை விடவில்லை. முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மனுவேல், நான் இத்தனை வருஷம் புகையிலைக்கு விரோதமாப் பிரசங்கம் பண்ணினதையெல்லாம் எனக்க வீட்டு முந்திரிக்கொத்து ஒரு கடியில அழிச்சுப் போட்டுது."

உப்பின தகரம்

இது சிரிக்கிற விஷயமாக முடிந்தது. நடந்துகொண்டிருக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போராட்டம் சூடாக இருந்த சமயம். கடையடைப்பு, மறியல், கைது என்று தினம் ஒன்று. என் மனைவியின் தம்பி தங்கராஜ் நெய்யாற்றின்கரையில் தையல்காரன், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கட்சி. ஒருநாள் காலையில் நோட்டீஸ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "அத்தான், இது இஞ்ச இருக்கட்டு, நாளைக்கு வந்து எடுக்கியேன்" என்று தேக்கு அலமாரியின் கீழ்த்தட்டில், புகையிலைப் பொட்டலங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போனான். நாளை வந்தது, அவன் வரவில்லை. அவனைத் தேடுகிறார்கள் என்று செய்தி வந்தது. நோட்டீஸை எடுத்து எரிக்கலாம் என்றால் கடையில் எப்போதும் ஆள். நான்காம் நாள் போலீஸ் வந்தது.

வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த சப் இன்ஸ்பெக்டர், நான்கு கான்ஸ்டபிள்கள். மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். இரண்டாம் தட்டில் சப் இன்ஸ்பெக்டர் ஒரு சிவப்புத் தகரத்தை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூடி, எண்ணெயில் போட்ட பப்படம்போல மேலே உப்பியிருந்தது. இலை உள்ளேயே புளித்துக் காற்று கட்டினால் சில தகரங்கள் அப்படி உப்பும். அவருக்கு அது எப்படித் தெரியும்? தூக்கம் கலையாத குழந்தையைக் கிடத்துவதுபோலக் கவுண்டரில் வைத்தார். "எந்தாடோ இது?" என்றார். புகையிலை என்று தமிழில் சொன்னேன், மலையாளத்தில் சொன்னேன். நம்பவில்லை. ரோட்டுக்கு எதிரே உள்ள அயனி மரத்தடியில் கொண்டுபோய் நானே திறக்க வேண்டும் என்று உத்தரவு. நாகர்கோவில் பஸ்ஸை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள்.

தகரம் வெடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை பேர் தள்ளி நின்று பார்க்கும்போது நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. கர்த்தரை நினைத்துக்கொண்டு காசை நுழைத்துத் திருகினேன். 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஒரு கான்ஸ்டபிள் குப்புற விழுந்தான். பிறகு அந்த மணம் வந்தது பாருங்கள்! பழுத்த வரிக்கைப் பலாவையும் பனங்கருப்பட்டியையும் ஒரே அறையில் பூட்டி வைத்துக் கதவைத் திறந்ததுபோல. விழுந்தவன் எழுந்து முதலில் வந்தான். தகரம் கை மாறிக் கை மாறிப் போனது. பஸ் டிரைவர்கூட இறங்கி வந்து முகர்ந்தார். சோதனையை எல்லோரும் மறந்தே போனார்கள். கீழ்த்தட்டுக்குக் குனிய ஒருவரும் திரும்பி வரவில்லை. அவர்கள் போன பிறகு நோட்டீஸ் கட்டு அடுப்புக்குப் போனது. தங்கராஜ் நல்லபடியாக வீடு திரும்ப இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. ஜீப்பில் ஏறப்போன சப் இன்ஸ்பெக்டர் மட்டும் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"எடோ, பயந்நது போகட்டெ, இதினு ஒரு பைப்பு எவிடெ கிட்டும்?"

இரண்டு கையெழுத்து

ஸ்டீபன் சாருக்கு உயிர்ச் சிநேகிதர் கேசவன் சார். அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர், அவரும் பைப்காரர். இருவரும் சேர்ந்து ஒரு சிவப்புத் தகரத்தைத் தேர்ந்தெடுத்து, சீட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஐந்து வருஷம் கழித்து ஒன்றாகத் திறப்பது என்று பேசி, என் பொறுப்பில் அலமாரியில் வைத்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் வருவார்கள். தகரத்தை எடுத்து, துருப் பிடிக்காமல் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மறுபடி வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து புகைத்துவிட்டுப் போவார்கள்.

போராட்டம் வந்தது. ஸ்டீபன் சார் தமிழ்நாடு என்றார், கேசவன் சார் மலையாளம் பேசுகிற நாட்டோடு இருப்போம் என்றார். ஒரு சனிக்கிழமை எங்கள் பெஞ்சில் வைத்தே வாய்த்தகராறு முற்றி, முப்பது வருஷச் சிநேகிதம் அறுந்தது. அதன்பிறகு ஒருவர் கடையில் இருந்தால் மற்றவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமாகப் போவார். இரண்டு வருஷம் அந்தத் தகரத்தை யாரும் தொடவில்லை. அவர்கள் தகரம், அவர்கள் சண்டை என்று நானும் தொடவில்லை.

கடைசியில் எல்லை போட்டார்கள். களியக்காவிளையிலிருந்து அந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், இந்தப் பக்கம் நாங்கள் கேரளம். கொட்டு மேளத்தோடு ஊர்வலம் போனது. கேசவன் சார் அதில் போகவில்லை. மறுநாள் காலையில் கடைக்கு வந்து, "அஞ்சு வருஷம் கழிஞ்ஞில்லே?" என்று கேட்டுவிட்டு, வெறும் பைப்பை வாயில் வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. நான் ஸ்டீபன் சார் வீட்டுக்கு நடந்தேன். "அவனுக்க ராஜ்யம், அவனே தொறக்கட்டு" என்றார். "சார், சீட்டுல ரெண்டு கையெழுத்து உண்டு. ஒரு ஆளுக்குத் திறந்து குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. அவரு காலையில இருந்து பட்டினியா இருக்காரு" என்றேன். சார் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

இருவரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். காசை நுழைத்துத் திருகினேன். 'புஸ்' என்ற சத்தம் வரவில்லை. மூடி சும்மா கையோடு வந்தது. உள்ளே புகையிலை சருகாகக் காய்ந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. கேசவன் சார் தகரத்தைத் திருப்பி வெயிலில் பிடித்தார். அடியில், அலமாரிக்குப் பின்னால் ஈரச் சுவரின் பக்கமாக இருந்த இடத்தில், துரு தின்ற ஒரு ஊசித் துவாரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தப்புதான் என்றேன். இரண்டு பேரும் என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஸ்டீபன் சார் வாழையிலை கேட்டார். தூளை அதில் பரப்பி, நனைத்துப் பிழிந்த துணியால் மூடினார். ஒரு மணி நேரம் இருவரும் அதற்குக் காவல் இருந்தார்கள். ஈரம் வந்தது, மணம் வரவில்லை. போன மணம் திரும்பாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஆளுக்கொரு பைப் நிரப்பினார்கள். கேசவன் சார் தீக்குச்சியைக் கிழித்து முதலில் ஸ்டீபன் சாருக்கு நீட்டினார். வைக்கோலைக் கொளுத்தியதுபோல ஒரு நாற்றம். இரண்டு பேரும் கண்ணில் நீர் வர இருமினார்கள். "ஸ்டீபா, நினக்கு தமிழ்நாடு கிட்டியில்லல்லோ, எனிக்கு சங்கடம் உண்டு" என்றார் கேசவன் சார். ஸ்டீபன் சார் இருமலுக்கு நடுவில் நகர்ந்து பெஞ்சின் நடுவே வந்து உட்கார்ந்தார். பிறகு அந்தத் துவாரத்தில் கண்ணை வைத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கேசவா, எல்லை போட்டது டெல்லிக்காரன், இந்த ஓட்டை நாம ரெண்டுபேரும் சேந்து போட்டது ஆக்கும்."

ஒருநாளும் பைப்பை வாயில் வைக்காமலே பதினோரு வருஷத்தில் ஊரில் மற்ற எல்லோரையும்விட அதிகமாக உள்ளுக்குள்ளே புகைந்தவன் நான்தான் என்பதே அந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு.